நம் ஊர்ப் பிரச்சினையை எம்.பி. டெல்லியில் பேசினார், அப்புறம் என்ன ஆகும்?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கிற வாரங்களில் ஒரே மாதிரியான காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். தொகுதி எம்.பி. எழுந்து நிற்பார். இந்த ஊரில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும், அந்த ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் வேண்டும், விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும் என்று இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவார். மணி அடிக்கும், காணொளி முடியும். கட்சிக்காரர்கள் "டெல்லியை அதிரவைத்தார்" என்று போடுவார்கள். மற்றவர்கள் "பேசி என்னத்தைக் கிழித்தார்" என்பார்கள். இரண்டு தரப்புமே கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு: அவர் எந்த விதியின்கீழ் பேசினார்?

விதி என்றதும் வக்கீல் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஓர் ஊரின் குறையை அவைக்குள் கொண்டுபோகப் பல வழிகள் இருக்கின்றன. எந்த வழியாகப் போனது என்பதைப் பொறுத்தே பதில் வருமா, வாயால் வருமா, எழுத்தில் வருமா, வராமலே போகுமா என்பது முடிவாகிறது. கேமராவுக்கு எடுப்பாக இருக்கிற வழிக்குப் பலம் குறைவு. யாரும் பார்க்காத வழிதான் அதிகாரிகளை அசைக்கும். இதைப் புரிந்துகொண்டால் அந்தக் காணொளிகளை வேறு கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்வோம். மக்களவையில் 543 தொகுதிகள். தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு ஒன்று. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். ஆகவே ஓர் எம்.பி.யின் பரப்பில் ஆறு எம்.எல்.ஏ.க்களும் இருக்கிறார்கள். இதில் யாரிடம் எதைக் கேட்பது என்ற குழப்பத்தில்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்திருக்கிறது. ரயில், தேசிய நெடுஞ்சாலை, அஞ்சல், தொலைத்தொடர்பு, பெரிய துறைமுகம், விமானப் போக்குவரத்து, பாஸ்போர்ட், வெளியுறவு எல்லாம் ஒன்றிய அரசிடம். காவல், பொதுச் சுகாதாரம், அரசு மருத்துவமனை, உள்ளாட்சி ஆகியவை மாநிலத்திடம். கல்வியும் காடும் 1976இல் வந்த 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு இரண்டு அரசுகளுக்கும் அதிகாரம் உள்ள பொதுப்பட்டியலில்.

ஒன்றிய அரசின் பொறுப்பில் முதன்மையாக வராத விஷயத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டால் அது அனுமதிக்கப்படாது. தெருவில் குடிநீர் வரவில்லை என்று மக்களவையில் கேட்க முடியாது. ஆனால் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் இந்த மாவட்டத்துக்கு எத்தனை இணைப்புகள் அனுமதிக்கப்பட்டன, எவ்வளவு பணம் விடுவிக்கப்பட்டது, எத்தனை முடிந்தன என்று கேட்கலாம். கிராமச் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் அந்தச் சாலை இருக்கிறதா என்று கேட்டால் எடுபடும். மாநில விஷயத்தை ஏதாவதொரு ஒன்றியத் திட்டத்தோடு முடிச்சுப் போடத் தெரிந்தவர்தான் கெட்டிக்கார எம்.பி. அவருடைய அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு ஆள் இருந்தால் தொகுதிக்கு நல்லது.

இனி கேள்வி நேரத்துக்கு வருவோம். மக்களவை காலை 11 மணிக்குக் கூடியதும் முதல் ஒரு மணி நேரம் இதற்குத்தான். மாநிலங்களவையில் 2014 முதல் இது பகல் 12 மணிக்கு நடக்கிறது. கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாவது வகை 230. குறைந்தது 15 நாள் முன்னதாகக் கேள்வியைக் கொடுக்க வேண்டும். எந்தக் கேள்வி எந்த இடத்தில் வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். அங்கே கட்சியின் பலம் எடுபடாது. ஒரே ஓர் எம்.பி. உள்ள கட்சிக்கும் முந்நூறு பேர் உள்ள கட்சிக்கும் அந்தக் குலுக்கல் ஒன்றுதான்.

நட்சத்திரக் கேள்விக்குப் பெயர் பெரிது. இருபதும் ஒரே நாளில் முடிவது மட்டும் அபூர்வம். பட்டியலில் இருந்த 20 கேள்விகளும் 2019 நவம்பர் 27 அன்று அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972க்குப் பிறகு இதுதான் முதல் முறை என்று செய்தியானது. மற்ற நாட்களில் ஐந்தாறு கேள்விகளோடு மணி பன்னிரண்டாகிவிடும். மிச்சமிருப்பவை எழுத்துப் பதிலாகவே போய்ச் சேரும்.

என் கணக்கில், ஊர்ப் பிரச்சினைக்கு ஏற்ற ஆயுதம் அந்த 230 கேள்விகளில்தான் இருக்கிறது. அதற்குக் கைதட்டல் கிடையாது, காணொளியும் வராது. ஆனால் அந்தக் கேள்வி டெல்லியில் ஏற்கப்பட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரயில்வே அமைச்சகத்துக்குப் போன கேள்வி என்றால், ரயில்வே வாரியத்திலிருந்து சென்னையில் இருக்கும் தெற்கு ரயில்வே தலைமையகத்துக்கு வரும். அங்கிருந்து மதுரைக் கோட்டத்துக்கோ திருச்சிக் கோட்டத்துக்கோ சேலம் கோட்டத்துக்கோ இறங்கும். பல மாதமாக ஒரு மேசையில் கிடந்த கோப்பை யாராவது எடுத்துத் தூசி தட்டியே ஆக வேண்டும். பணி எந்த நிலையில் இருக்கிறது, பணம் ஒதுக்கியாயிற்றா, தாமதம் யாரால் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றக் கேள்வி என்று வந்துவிட்டால் அரசு அலுவலகத்தில் மற்ற வேலைகள் ஒதுங்கி நிற்கும். குறித்த நாளில் பதில் அவையில் வைக்கப்பட வேண்டும். தவறான தகவல் கொடுத்தால் அவையின் உரிமையை மீறியதாகப் புகார் எழும் வரை போகலாம்.

ரயில்வே கேட்டில் மேம்பாலம் கேட்கும் ஊர்களுக்கு வரும் பதில்களைப் படித்தால் இது நன்றாக விளங்கும். பெரும்பாலான மேம்பாலங்களில் தண்டவாளத்துக்கு மேலே வருகிற பகுதி ரயில்வேயின் வேலை. இரு பக்கமும் ஏறி இறங்கும் அணுகுசாலையும் அதற்கான நிலமும் மாநில அரசின் வேலை. "நிலம் ஒப்படைக்கப்படவில்லை" என்று ஒரு வரி பதிலில் இருந்தால், அடுத்து யார் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அந்த வரி வரும்வரை ரயில்வே மாநிலத்தையும், மாநிலம் ரயில்வேயையும் கைகாட்டிக்கொண்டே இருக்கும்.

மதுரை எய்ம்ஸ் விஷயமும் அப்படித்தான். 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் 1,264 கோடி ரூபாய் மதிப்பில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் பெரிதாக எதுவும் எழும்பவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தல் மேடைகளில் அது ஒற்றைச் செங்கல்லாகவே சுற்றிவந்தது. திட்டம் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகாவின் கடனை நம்பி இருக்கிறது, மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எம்.பி.க்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய எழுத்துப் பதில்களில் பதிவானவை. மேடைப் பேச்சில் கோபம் இருந்தது. தாமதத்தின் காரணத்தைச் சொன்னது அந்தப் பதில்கள்தான்.

கேள்வி எழுதுவதற்கும் ஒழுங்குகள் உண்டு. 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம் செய்யக் கூடாது, பழி சுமத்தக் கூடாது, அடைமொழிகளை அடுக்கக் கூடாது. கிண்டலும் கூடாதாம்! நம் அரசியல்வாதிகள் மேடையில் நம்பியிருக்கும் சரக்கு மொத்தமும் இங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. அமைச்சராகிவிட்ட எம்.பி. கேள்வி கேட்பதில்லை, கேட்கப்படும் இடத்தில் இருப்பவர் அவர். தொகுதிக்காரர் அமைச்சரானால் ஊருக்கு யோகம் என்று நினைப்போம், ஆனால் கேள்வி கேட்கும் வாய் ஒன்று அங்கே குறைந்துபோகிறது.

இனி அந்த இரண்டு நிமிடக் காணொளிக்கு வருவோம். அது பெரும்பாலும் பூஜ்ய நேரத்தில் எடுத்ததாக இருக்கும். மக்களவையில் கேள்வி நேரத்துக்கும் அன்றைய அலுவலுக்கும் நடுவில் வருகிற இந்த நேரம் 1960களில் பழக்கத்தில் வந்தது. விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு பெயரே கிடையாது. அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தை எழுப்பலாம் என்பது ஏற்பாடு. 15 நாள் முன்னறிவிப்பு வேண்டாம் என்பதால் நேற்று நடந்ததை இன்று பேசலாம். மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மறுநாளே ராமநாதபுரம், நாகப்பட்டினம் எம்.பி.க்கள் எழுந்து நிற்பது இந்த நேரத்தில்தான். புயல், வெள்ளம், ஆலை விபத்து என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது. அதன் பலவீனமும் பெரியது: அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சில சமயம் சம்பந்தப்பட்ட அமைச்சர் அவையிலேயே இருக்க மாட்டார்.

எம்.பி.க்களுக்கு இந்த நேரத்தின் மேல் இருக்கும் ஆசை எண்ணிக்கையிலேயே தெரியும். 2019 ஜூலை 18 அன்று மக்களவை இரவு வரை நீண்டு 161 பேர் பேசினார்கள். 2025 ஏப்ரல் 3 அன்று அந்தச் சாதனையும் உடைந்தது. 202 பேர் பேசினார்கள். புதிதாக வந்த உறுப்பினர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது நல்ல விஷயம்தான். ஒரே நாளில் 202 ஊர்களின் குறைகளைக் கேட்டு யார் என்ன செய்ய முடியும் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

பூஜ்ய நேரத்துக்கும் எழுத்துக் கேள்விக்கும் நடுவே இருக்கிறது விதி 377. தமிழ்ச் செய்திகளில் இந்த எண் அடிக்கடி வரும், என்ன என்று யாரும் விளக்குவதில்லை. வேறு எந்த விதியின்கீழும் எழுப்ப முடியாத விஷயத்தை 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுத்து, அனுமதி கிடைத்ததும் அதை அப்படியே அவையில் வாசிப்பது இதன் நடைமுறை. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் அது பதிவாகாது. மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு; அங்கேயும் 250 சொற்கள்தான். வாசிக்கும்போது சலிப்பாக இருக்கும், ஆவேசத்துக்கு இடமில்லை. ஆனால் சம்பந்தப்பட்ட அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் அந்த எம்.பி.க்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் எம்.பி. 377இன்கீழ் பேசினார் என்று செய்தி வந்தால், அடுத்த மாதம் அவர் அலுவலகத்துக்குப் போய் "அந்தப் பதில் கடிதத்தின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்டால்தான் தருவார்கள்.

அமளி நடக்கும் நாட்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவை ஒத்திவைக்கப்பட்டால் பூஜ்ய நேரம் போயே போயிற்று. நட்சத்திரக் கேள்விக்கு வாய்ப் பதில் வராது. எழுத்துப் பதில்களோ வழக்கம்போல் அவையில் வைக்கப்பட்டுவிடும். 377 அறிக்கைகளையும் வாசித்ததாகவே எடுத்துக்கொண்டு அவையில் வைத்துவிடுவார்கள். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை ரத்து செய்தபோதும் எழுத்துப் பதில்கள் நிற்கவில்லை. 17ஆவது மக்களவை ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 274 நாட்கள்தான் கூடியது. அதிலும் பல நாட்கள் கூச்சலில் கழிந்தன. காகிதத்தில் கேட்கப்பட்டவை அதிலும் தப்பிப் பிழைத்தன.

ரயில் நிறுத்தம் கேட்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு பட்ஜெட் கூட்டத்தொடரில் உண்டு. ரயில்வே தன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஆளாளுக்குத் தங்கள் தொகுதியின் பட்டியலை வாசிப்பார்கள். 2017இல் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு சேர்ந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. 2019 ஜூலையில் ஒரு நாள் அவை நள்ளிரவை எட்டும்வரை நடந்தது. இங்கே கட்சி பலத்தைப் பொறுத்தே நேரம் பிரிக்கப்படுகிறது. ஆகவே சிறிய கட்சிக்காரர் மூன்று நிமிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். தமிழில் பேசலாம். அவைத்தலைவர் அனுமதியோடு தாய்மொழியில் பேச அரசமைப்பின் 120ஆவது பிரிவு இடம் தருகிறது, மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள்.

பிரிட்டன் மக்களவையில் ஒரு வழக்கம் உண்டு, அது இங்கே இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. ஒவ்வொரு நாளும் அவை கலைவதற்கு முன் கடைசி அரை மணி நேரம் ஒரே ஓர் உறுப்பினருக்கு. அவர் தன் தொகுதியின் ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை, ஒரு சாலை பற்றி மட்டும் பேசுவார். அமைச்சர் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, எழுந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். இங்கே மக்களவையில் அரை மணி நேர விவாதம் என்று ஒன்று இருக்கிறது. அது ஏற்கெனவே வந்த பதிலில் தெளிவில்லாதபோது, அதுவும் பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்துக்கு மட்டும்.

பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்", "விசாரித்துப் பார்க்கிறேன்" என்று அமைச்சர் சொன்னால் நாம் மழுப்பல் என்று சிரித்துவிட்டுப் போவோம். நாடாளுமன்றத்தின் கணக்கில் அவை வாக்குறுதிகள். அரசு உறுதிமொழிக் குழு என்ற ஒன்று 1953 முதல் மக்களவையில் இருக்கிறது. இன்னின்ன வாசகங்கள் வந்தால் அது உறுதிமொழி என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். அப்படிப் பதிவானதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்லிக் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும், குழு கூப்பிட்டால் செயலாளர் போய் விளக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பவையும் உண்டு. ஆனாலும் பட்டியலிலிருந்து தானாக உதிர்ந்துபோவதில்லை.

இது அதிகாரிகளுக்கும் தெரியும். அதனால்தான் பதில் எழுதும்போது வாக்குறுதி ஆகிவிடாதபடி சொற்களைப் பொறுக்கிப் போடுவார்கள். "ரயில்களுக்கு நிறுத்தம் வழங்குவது இயக்கச் சாத்தியத்தையும் வணிக நியாயத்தையும் பொறுத்துத் தொடர்ந்து நடைபெறும் ஒரு செயல்பாடு" என்கிற மாதிரியான வாக்கியம் ரயில்வே பதில்களில் சலிக்கச் சலிக்க வரும். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இப்படிப் பதில் வந்தால் கேள்வி பொதுவாக இருந்தது என்று அர்த்தம். அடுத்த முறை கேள்வியை இறுக்க வேண்டும்: அந்த நிலையத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை டிக்கெட் விற்றது, நிறுத்தத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச வருவாய் எவ்வளவு, கொரோனாவுக்கு முன் நின்ற ரயில்களில் எவை இப்போது நிற்பதில்லை? இதற்குப் பதில் எண்களாகத்தான் வர முடியும்.

அவைக்கு வெளியே இருக்கும் வழிகளையும் குறைத்து எடைபோட வேண்டாம். எம்.பி. அமைச்சகத்துக்கு எழுதும் கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகையும் அடுத்த 15 நாளில் பதிலும் தர வேண்டும் என்பது ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கான நடைமுறை. 2016இல் வந்த திஷா குழு மாவட்ட அளவில் ஒன்றியத் திட்டங்களைக் கண்காணிக்கிறது. தலைவர் மக்களவை உறுப்பினர், கலெக்டர் செயலாளர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி பற்றி எல்லோருக்கும் தெரியும்: 1993 டிசம்பரில் தொடங்கி, 2011 முதல் ஆண்டுக்கு 5 கோடி. எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதியும் செலவும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்துப் பார்த்தால் அந்த 5 கோடி எத்தனை நிழற்குடைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எம்.பி.யிடம் மனுக் கொடுக்கப் போகிறவர்கள் "ஆவன செய்யுமாறு" என்று முடிக்கும் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கேள்வியையே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த அமைச்சகம், எந்தத் திட்டம், எந்த ஆண்டில் அறிவிப்பு, எவ்வளவு ஒதுக்கீடு, என்ன தடை என்று நான்கைந்து உட்பிரிவுகளாக, 150 சொற்களுக்குள். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கொடுத்தால் பாதி நாட்கள் கைநழுவிவிடும். தேதி அறிவிப்பு வந்ததுமே கொடுத்துவிட வேண்டும். அமைச்சகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் என்று முறை இருக்கிறது, மக்களவையில் ரயில்வேக்குப் புதன்கிழமை. பதில் வந்ததா என்று பார்க்க யார் தயவும் வேண்டாம். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரையும் அமைச்சகத்தையும் கொடுத்துத் தேடினால் கேள்வியும் பதிலும் அப்படியே கிடைக்கும். பக்கத்துத் தொகுதிக்காரர் இதே விஷயத்தைக் கேட்டிருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும்.

உங்கள் மக்களவை உறுப்பினர் அசையவில்லை என்றால் தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் யாரிடமும் கேட்கலாம். அவர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது. அதற்கும் மேலே மனுக்கள் குழு இருக்கிறது. குடிமக்கள் கையெழுத்திட்ட மனுவை ஓர் உறுப்பினர் மேலொப்பமிட்டு அவையில் அளித்தால், குழு அதை எடுத்துக்கொண்டு அமைச்சகத்திடம் விளக்கம் கேட்கும். வேண்டுமானால் மனுதாரரையே சாட்சியாகக் கூப்பிட்டு விசாரிக்கும்.